பாக்கெட் வெளியே போகும் முன்பே காப்புரிமையைப் பாருங்கள்

2011இல் பஞ்சாலைக் கண்காணிப்புக் கருவி ஒன்றுக்கு நானே புரோட்டோகால், அதாவது பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிமுறை, எழுதினேன். இரண்டு பெட்டி, ஒரே ஐபி முகவரி. ஒன்று படுத்துவிட்டால் மற்றது அந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். அமெரிக்க வாடிக்கையாளர் அனுப்பிய ஒப்பந்தத்தில், காப்புரிமை வழக்கு வந்தால் பொறுப்பு எங்களுடையது என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகுதான் என் யோசனைக்கு ஏற்கெனவே யாராவது காப்புரிமை வைத்திருக்கிறார்களா என்று தேடவே உட்கார்ந்தேன். அதற்குள் முதல் தொகுதி கப்பலேறிவிட்டது.

சாதாரண நிரல் என்றால் ஒரு வாரத்தில் மாற்றி எழுதிவிடலாம். புரோட்டோகாலில் இரண்டு முனையும் சேர்ந்து மாற வேண்டும். அதனால் பாக்கெட்டின், அதாவது பெட்டிகள் அனுப்பிக்கொள்ளும் தகவல் பொட்டலத்தின், வடிவம் காகிதத்தில் இருக்கும்போதே தேடுங்கள்.

முதலில், உங்கள் யோசனைக்கு நெருங்கிய ஐஇடிஎஃப் (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரத்தைக் கண்டுபிடியுங்கள். அவர்களின் டேட்டாடிராக்கர் தளத்தில், அந்தத் தரத்தின்மேல் யார் காப்புரிமை அறிவித்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். என் விஷயத்தில் அது விஆர்ஆர்பி: ஒரு ரூட்டர் படுத்தால் இன்னொன்று அதன் முகவரியை எடுத்துக்கொள்ளும் தரம். அதன்மேல் நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ உரிமை கோரியது. அமெரிக்கக் காப்புரிமை எண் 5,473,599. ஓப்பன்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை எழுதும் குழு இதனால்தான் விஆர்ஆர்பியை ஒதுக்கிவிட்டு, அதே வேலைக்குக் கார்ப் என்று தனியாக ஒரு புரோட்டோகாலை எழுதி 2004இல் வெளியிட்டது.

ஆவணம் கிடைத்ததும் தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துப் பயப்படாதீர்கள். கடைசியில் எண்ணிட்டிருக்கும் உரிமைக்கோரிக்கைகளுக்குப் போங்கள். வேறு கோரிக்கையைச் சாராமல் தனித்து நிற்கும் கோரிக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் உங்கள் வடிவமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு உண்மையிலேயே இல்லையென்றால் பெரும்பாலும் தப்பலாம். நான் மூன்று நாள் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன்.

பிறகு தேதி. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் கூட்டுங்கள். சிஸ்கோவுடையது 1994 ஏப்ரல் விண்ணப்பம். 2014 ஏப்ரல்வரை உயிர். இன்று அதே யோசனையை யாரும் பயன்படுத்தலாம். பழைய தரத்தின்மேல் கட்டுவதை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

‘இது நம்மைப் பாதிக்கும் போலிருக்கே’ என்று அலுவலக மின்னஞ்சலில் மட்டும் எழுதாதீர்கள். தெரிந்தே மீறியதாக முடிவானால் அமெரிக்க நீதிமன்றம் இழப்பீட்டை மூன்று மடங்குவரை உயர்த்தலாம். அந்தச் சந்தேகத்தைக் காப்புரிமை வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள். இந்தியச் சட்டம் 3(கே) பிரிவில் வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. ஆனால் சரக்கு அமெரிக்காவில் விற்றால் அங்குள்ள காப்புரிமைதான் பேசும்.

கடைசியாக, பாக்கெட்டின் முதல் பைட்டில் பதிப்பு எண் வையுங்கள். நான் வைக்கவில்லை. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றையொன்று அடையாளம் காண வைக்கவே எனக்கு நான்கு மாதம் போனது.