மாடு வளர்ப்பில் மண்ணையும் காற்றையும் கெடுக்கும் தவறுகள்

பால் பண்ணையால் சூழல் கெடுகிறது என்றதும் எல்லோரும் மாடு விடும் ஏப்பத்தைத்தான் சொல்கிறார்கள். உண்மைதான். மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேனில் பெரும்பகுதி வாய், மூக்கு வழியாகவே வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. ஆனால் இரண்டு மூன்று மாடு கட்டியிருக்கும் நம் ஊர் வீடுகளில் நாளைக்கே சரிசெய்யக்கூடிய இடம் எருக்குழிதான்.

சாணத்தைத் தொழுவத்துக்குப் பின்னால் திறந்தவெளியில் கொட்டி வைப்பதுதான் பெரிய தவறு. வெயிலில் அதன் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துவிடும். மழை பெய்தால் மிச்சமும் கரைந்து வாய்க்காலுக்கோ கிணற்றுக்கோ போய்ச் சேரும். குழியில் தண்ணீர் தேங்கினால் சாணம் காற்றில்லாமல் அழுகி மீத்தேனைக் கிளப்பும். நாலு கம்பு நட்டு, மேலே தென்னங்கீற்று வேய்ந்து, குழியைச் சுற்றி வரப்பு போட்டாலே இதில் பெரும்பகுதி குறையும்.

கோமியத்தைச் சாக்கடைக்கு விடுவதும் அதே இழப்புதான். காலையில் தொழுவத்துக்குள் போனதும் கண் கரிக்கிறதே, அங்கே காற்றில் போவது கடையில் காசு கொடுத்து வாங்கும் அதே தழைச்சத்து. காய்ந்த சருகையோ மாடு கழித்த வைக்கோலையோ பரப்பி, கோமியத்தை அதில் ஊறவிட்டு, அப்படியே குழிக்கு அள்ளிவிடுங்கள். கழுவ ஹோஸ் பைப்பைத் திறப்பதற்கு முன்னால் சாணத்தை வழித்து எடுத்துவிட்டால் தண்ணீரும் மிச்சம், குழியும் சேறாகாது.

சரி, சாண எரிவாயுக் கலன் போட்டுவிட்டால் கவலை விட்டதா? இல்லை. 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். மானியம் கிடைக்கிறதே என்று இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு பெரிய கலன் கட்டினால் அது அரை வயிற்றோடுதான் கிடக்கும். அதைவிட மோசம் கசிவு. எரிந்தால் கரியமில வாயுவாக மாறவேண்டிய மீத்தேன், இணைப்பில் உள்ள ஓட்டை வழியாக அப்படியே வெளியே போகிறது. அதற்குக் கலன் கட்டாமலே இருந்திருக்கலாம். வால்விலும் குழாய் இணைப்பிலும் அவ்வப்போது சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் அங்கே கசிகிறது. வாயு மிஞ்சினால் திறந்து விடாதீர்கள், தண்ணீர் காய்ச்சியாவது எரித்துவிடுங்கள்.

தீவனத்தில், கோ-4 புல்லை முற்றவிட்டு அறுப்பது பலரும் செய்யும் தவறு. முதல் அறுப்புக்குப் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுத்து, நறுக்கிப் போடவேண்டும். முற்றிய தண்டில் நார் அதிகம். செரிப்பது குறைந்து, கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் வெளியேறும் மீத்தேன் கூடும். புண்ணாக்கை அள்ளி வைத்தால் பால் கூடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். தேவைக்கு மிஞ்சிய புரதம் கோமியத்தில்தான் போகும்.

சினை பிடிக்காமல் நிற்கும் மாட்டைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பால் தராவிட்டாலும் அது தின்கிறது, ஏப்பம் விடுகிறது. ஒரு சினைப்பருவத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஏறத்தாழ 21 நாள் காத்திருக்கவேண்டும். காலையில் அறிகுறி தெரிந்தால் அன்று மாலையே, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் சினை ஊசி போட்டுவிடுங்கள்.

அப்புறம், மருந்து. வலிக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்கு அதை 2006-லும், கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டையும் 2023-லும் இந்தியா தடை செய்தது. தென்னிந்தியாவில் இந்தக் கழுகுகள் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் முதுமலையும் மாயாறு பள்ளத்தாக்கும் முக்கியமானவை. மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள்; வலி மருந்து வேண்டுமென்றால் கழுகுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது.