பழைய நாடக அரங்கைப் புதுப்பிக்கிறீர்களா? சிமெண்ட் மூட்டையை வாசலிலேயே நிறுத்துங்கள்

நூறு வருஷத்து அரங்கம் கைக்கு வந்ததும் "எத்தனை சீட், ஏசி எங்கே?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் கேட்பது ஏணி. மழை விட்ட மறுநாள் மொட்டைமாடிக்கு ஏறுங்கள்.

அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடம் என்றால் பெரும்பாலும் மட்ராஸ் டெரஸ் கூரைதான்: தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டத்தில் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லிக் காரை, அதன்மேல் தட்டை ஓடு. நீர் இறங்கினால் முதலில் மக்குவது கட்டை சுவருக்குள் நுழையும் முனை. ஸ்க்ரூடிரைவரால் அங்கே குத்திப் பாருங்கள். நடுக்கட்டை இரும்பாட்டம் இருக்கும், முனை மட்டும் மாவாக உதிரும். அப்படியென்றால் முழுக் கட்டையையும் கழற்றாதீர்கள். கீழே முட்டுக் கொடுத்து, கெட்டதை மட்டும் அறுத்து, புதுத் தேக்கை எஃகுத் தகடு வைத்து போல்ட் போட்டு இணைத்தால் போதும்.

அடுத்தது சுவர். இடையில் யாரோ ஒரு புண்ணியவான் சிமெண்ட் பூசியிருப்பார். தட்டினால் பொள்ளல் சத்தம் வரும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். உப்புப் பூத்து, செங்கல் பொடியாகும். அந்தச் சிமெண்டைப் பதமாகச் செதுக்கி எடுத்துவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசுங்கள். முதலில் பின்சுவரில் ஒரு சதுர அடி பூசிக் காயவிடுங்கள். வெடித்தால் மணல் போதவில்லை. காண்ட்ராக்டர் பறப்பார், சுண்ணாம்பு அவருக்காக அவசரப்படாது.

வயரிங்குக்காகச் சுவரைக் கொத்த வேண்டாம். மேடைக்கு அடியிலும் சுவரோரமாகவும் பைப்பில் கொண்டுபோங்கள். ஏசி மெஷின் பின்வாசல் தரையில் இருக்கட்டும். மாடியில் வைத்தால் அதிர்விலேயே காரை விட்டுப்போகும்.

ஃபால்ஸ் சீலிங் பேச்சு வந்தால் மட்டும் நான் சண்டைக்காரன். கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் 1890-களிலேயே சுகுண விலாச சபையார் நாடகம் போட்டார்கள், மைக் இல்லாமல். கூரையின் உயரமும் மரமும் குரலைக் கொண்டுபோக உதவும். மேடையில் ஒருவரை நிறுத்திச் சாதாரணமாகப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். வார்த்தை தெளிவாகக் கேட்டால் கூரையைத் தொடாதீர்கள். எதிரொலித்தால் பின்சுவரில் கனத்த திரை கட்டிப் பாருங்கள்.

பால்கனியில் ஆளை ஏற்றும் முன் இன்ஜினியரை வைத்து, மணல் மூட்டை அடுக்கிப் பளு சோதனை செய்யுங்கள். அவசர வழிக் கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். அவசரப் படிக்கட்டை இரும்பில் தனியாக நிறுத்துங்கள், பழைய சுவரில் தொங்கவிடாதீர்கள். சென்னையில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமென்றால், கடப்பாரை எடுக்கும் முன்பே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சிஎம்டிஏ) அனுமதி வாங்கிவிடுங்கள்.