சுவரைக் கேட்காமல் தீட்டிய சித்திரங்கள்: நகரச் சுவரோவியங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு சுவருக்கு ஓவியம் தீட்டப்போகிறோம் என்று கூட்டம் போட்டால், முதல் பத்து நிமிடத்தில் வந்து விழும் பட்டியல் அநேகமாக ஒன்றுதான்: மயிலாப்பூர்க் கோபுரம், பரதநாட்டியப் பெண், டபராவில் நுரைக்கும் காபி, கலங்கரை விளக்கம், சென்ட்ரல் ரயில் நிலையம், மஞ்சள் ஆட்டோ. எதுவும் பொய்யில்லை. ஆனால் இதே பட்டியல் நினைவுப் பொருள் கடையிலும் தொங்குகிறது. வெளியூர்க்காரர் நகரத்தை அடையாளம் காணும் படம் வேறு. அந்தச் சுவரைத் தினமும் கடந்துபோகிறவர் தன்னைக் காணும் படம் வேறு. பொது இடக் கலையில் நேரும் தவறுகளில் பாதி, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில் தொடங்குகிறது.

சென்னை ஒரே ஊர் இல்லை, பல பேட்டைகள். ராயபுரத்தில் 1856-ல் திறந்த ரயில் நிலையம் இருக்கிறது. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்கிறார்கள். காசிமேட்டில் விடியும் முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது. வடசென்னைக்குக் குத்துச்சண்டையும் கேரமும் கானாவும் உண்டு. பெரம்பூர்ச் சுவரில் மயிலாப்பூர்க் கோபுரத்தை வரைந்தால் அந்தப் பேட்டைக்காரர் சண்டைக்கு வரமாட்டார், திரும்பியும் பார்க்கமாட்டார். யாரும் பார்க்காத சுவரில்தான் சுவரொட்டி முதலில் ஏறும்.

மெரினாவில் இதற்கு ஒரு நல்ல பதில் 1959 முதல் நிற்கிறது. பாறையை நெம்பும் நான்கு பேர், உழைப்பாளர் சிலை. கோபுரம் இல்லை, நாட்டியம் இல்லை. 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரை என்பதால் அந்த இடத்துக்கு அது பொருந்திப் போகிறது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. வங்காளத்தில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இங்கே இருந்தவர். சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தப் பள்ளியின் காவலாளி என்று சொல்லப்படுகிறது. இவர் உள்ளூர்க் கலைஞரா இல்லையா? பிறந்த ஊரை வைத்துப் பார்த்தால் இல்லை. வாசலில் நின்ற காவலாளியின் தோளையும் முதுகையும் இத்தனை கூர்ந்து பார்த்தவரை வெளியூர்க்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, ஆதார் அட்டையில் உள்ள முகவரியை வைத்து உள்ளூர்க் கலைஞரைத் தேர்ந்தெடுப்பது ஒரு தவறு.

அதைவிடப் பெரிய தவறு, உள்ளூர்க் கலைஞரைக் கடைசியில் கூப்பிடுவது. கருப்பொருளை ஒரு குழு முடிவு செய்துவிடும். வடிவமைப்பை ஒரு நிறுவனம் கணினியில் முடித்துவிடும். அதன்பின் பேட்டையிலிருந்து நான்கு பேரை அழைத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, அச்செடுத்த தாளைக் கையில் கொடுப்பார்கள். அங்கே அவர்கள் கலைஞர்கள் இல்லை, கூலியாட்கள். இந்த நகரத்துக்கு இது இரட்டை அநியாயம். அண்ணா சாலையில் திரைப்பட பேனர்களும் கட்-அவுட்களும் வரைந்த ஒரு தலைமுறையே இங்கே இருந்தது. ஃபிளெக்ஸ் வந்ததும் அவர்கள் தொழில் படுத்துவிட்டது. 2010-ஐ ஒட்டி, சுவரொட்டிகளை ஒழிப்பதற்காக முக்கியச் சாலைகளின் சுவர்களில் மாநகராட்சி ஓவியம் தீட்டத் தொடங்கியபோது, தொழில் இழந்த பேனர் ஓவியர்களுக்கும் அதில் வேலை கிடைத்தது.

பேனர் ஓவியருக்குத் தெரிந்த ஒன்று மடிக்கணினிக்குத் தெரியாது. நாற்பதடி முகத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நெற்றி சிறுத்து, தாடை பெருத்துத் தெரியும். அதனால் நூல் பிடித்துக் கட்டம் போடும்போதே மேல்கட்டங்களை அவர் கொஞ்சம் இழுத்துவிடுவார். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்குச் சில நொடிகளே கிடைக்கும் என்பதால், கண்ணையும் மூக்கையும் தடித்த நிழலில் நிறுத்திவிட்டு நுணுக்கத்தைக் குறைப்பார். இந்த அறிவு வடிவமைப்புக் கட்டத்திலேயே மேசையில் இருக்க வேண்டும். சாரம் கட்டிய பிறகு வந்தால் பயனில்லை.

இனிச் சுவர். கலை பற்றிய பேச்சில் இது மட்டமான விஷயமாகத் தோன்றும். ஆனால் நல்ல ஓவியங்கள் பெரும்பாலும் சாவது இங்கேதான். ரயில்வே சுரங்கப்பாதைச் சுவர் எதையாவது மழைக்காலம் முடிந்து அருகில் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை ஓதம் ஏறியிருக்கும். ஈரம் காயும்போது உள்ளிருந்து உப்பு வெள்ளையாகப் பூத்து, வண்ணத்தை அப்பளம் போல் உப்பவைக்கும். விரலால் தொட்டால் உதிரும். மேலே சிரிக்கும் முகம் முழுதாக இருக்க, கீழே கால்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். அதற்கு ஓவியரைக் குறை சொல்வார்கள். குற்றம், ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் நாள் குறித்தவர்களுடையது. வடிகாலையோ கசியும் குழாயையோ சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது.

பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் நேராக எமல்ஷன் அடிப்பதும் அதே கதைதான்; சுண்ணாம்பு உதிரும்போது படமும் ஏடு ஏடாகக் கழன்று வரும். சுரண்டிவிட்டு, பிரைமர் அடித்து, காயவிட்டுத்தான் தொடங்க வேண்டும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் நான்கு வாரமாவது ஆற வேண்டும். திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார் என்பது சிமென்டுக்குத் தெரியாது. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பொங்கல் கழிந்து, கத்திரி வெயில் வருமுன் உள்ள மாதங்கள்தான் வேலைக்கு உகந்தவை. மேற்குப் பார்த்த சுவரில் மலிவான சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுத்துவிடும். காவி போன்ற மண்நிறங்கள் வெயிலைத் தாங்கும். கோயில் மதிலுக்குக் காவிப்பட்டை அடித்தவர்கள் ஏமாளிகள் இல்லை.

சிறுநீர் கழிக்கும் சுவரில் சாமி படம் வரையும் வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மும்மதச் சின்னங்களையும் வரிசையாக வரைந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். ஆட்கள் பத்தடி தள்ளிப் போகிறார்கள், அவ்வளவுதான். தேவை கழிப்பறை.

கண்ணகி நகரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கூவக் கரையிலிருந்தும் நகரின் மற்றக் குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்க்கப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிக் குடியமர்த்தப்பட்ட இடம் அது. முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கிறார்கள் என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் மனக்குறை. 2020-ல் பொது இடக் கலைக்கான ஸ்டார்ட் இந்தியா (St+art India) அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியும் சேர்ந்து அதன் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டவைத்தன. செய்திகளில் குற்றத்தோடு மட்டுமே சேர்ந்து வந்த பெயர் ஓவியத்தோடும் சேர்ந்து வந்தது. அது சிறிய மாற்றமில்லை. ஆனால் இப்படிப்பட்ட முயற்சிகளில் பதுங்கியிருக்கும் ஆபத்து, வண்ணத்தைத் தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் வேலைக்கும் மாற்றாகக் கணக்கில் எழுதிவிடுவது. மேல்மாடி வரை குடம் தூக்குகிற பெண்ணிடம் கட்டடத்தின் வெளிப்புறம் அழகாகிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு பாடமும் அங்கே இருக்கிறது. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஓவியங்கள் தீட்டிய காலத்தில் இப்படி ஓர் அடையாளம் வரும் என்று எந்தக் குழுவும் அறிந்திருக்க முடியாது. ஒரு பேட்டையின் எல்லாச் சுவர்களையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். சில சுவர்களைக் காலியாக விட்டுவையுங்கள்.

வாழும் மனிதர்களின் முகத்தை வரைவதாக இருந்தால் ஒப்புதல் எழுத்தில் வேண்டும்; அவர் பிறகு மனம் மாறினால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் பெரிய சுவரோவியத்தில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் முகங்களும் மற்றவர்களின் முகங்களும் கலந்திருக்கின்றன. யார் யார் என்ற குறிப்பு கிடையாது. அந்தக் குறிப்பு இல்லாததுதான் படத்தின் கருத்து. பக்கத்தில் விளக்கப் பலகை வைத்துப் பெயர் எழுதிக் கெடுக்கத் துடிக்கும் அதிகாரிகள் எல்லா ஊரிலும் உண்டு.

நிகழ்ச்சிக்காகத் தீட்டுவதையும் நிலையாகத் தீட்டுவதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைச் சதுரங்கப் பலகையானது. நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த் வளர்ந்த ஊரில் அது வெறும் அலங்காரமாகப் படவில்லை. அப்படி உண்மையான தொடர்பு இருந்தாலும், விழா முடிந்தபின் அந்தப் பூச்சை யார் பராமரிப்பது, எப்போது பழைய நிறத்துக்கு மாற்றுவது என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாகக் காகித வேலை. அரசுச் சுவரானாலும் தனியார் சுவரானாலும் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இல்லாவிட்டால், 1959-ஆம் ஆண்டின் திறந்தவெளி இடங்கள் உருவழிப்புத் தடுப்புச் சட்டப்படி நீங்களும் சுவரொட்டி ஒட்டுபவரும் ஒன்றே. ஒப்பந்தத்தில் ஓவியரின் கையெழுத்து எங்கே வரும், பழுது பார்க்க ஆண்டுதோறும் எவ்வளவு பணம், அழிக்க நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று மூன்று வரிகளாவது இருக்கட்டும். டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து தன் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-ல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்ததற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்குத் தொடுத்தார். படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கப் படைப்பாளிக்கு உரிமை தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவின் அடிப்படையில் 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கி, எஞ்சியதை அவரிடமே திருப்பித் தரச் சொன்னது. பேட்டை ஓவியருக்கு வழக்குமன்றம் ஏற வசதி இருக்காது. அவருக்கு அந்த மூன்று வரிகள் போதும்.