காரின் முன் கிரில்லை வீட்டிலேயே புதுப்பித்து வண்ணம் பூசுவது எப்படி?

காரின் மற்ற பாகங்களெல்லாம் நன்றாக இருந்தாலும், முன் கிரில் வெளிறிப்போனால் வண்டிக்கே வயதாகிவிட்டதுபோல் தோன்றும். நான் சென்னையில் கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கிறேன். என்னுடைய பழைய ஹேட்ச்பேக்கின் குரோம் கிரில்லில் முதலில் மிளகு தூவியதுபோல் புள்ளிகள் தோன்றின. பிறகு ஓரங்களில் கொப்புளம் கண்டது. கடைசியில் நகத்தால் கீறினாலே குரோம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அதன் மேல் அப்படியே கறுப்பு ஸ்பிரே அடித்தேன். மூன்றாம் வாரம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது, பெயின்ட் பாம்புச் சட்டைபோல் கழன்று வந்தது. இரண்டாம் முறை செய்தது இன்றும் நிற்கிறது. இரண்டு முறையும் வாங்கியது ஒரே பெயின்ட்தான். பூசுவதற்கு முந்தைய ஐந்தாறு மணி நேர வேலைதான் வேறு. ஆகவே இந்த விளக்கத்திலும் அந்த வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கிரில் எதனால் ஆனது என்று பாருங்கள்

கிரில்லின் பின்புறத்தில் அது எந்தப் பிளாஸ்டிக் என்பது சிறிய எழுத்துகளில் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் அது ஏபிஎஸ் (ABS) என்ற பிளாஸ்டிக்காக இருக்கும். பளபளப்பில்லாத கருஞ்சாம்பல் வலைப் பகுதிகள் சில வண்டிகளில் பாலிபுரொப்பிலீன் ஆக, அதாவது பிபி என்று குறிக்கப்பட்டதாக இருக்கும். எழுத்து அழிந்திருந்தால், உடைந்த கிளிப்பின் துணுக்கு ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பிபி பெரும்பாலும் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். இந்த வேறுபாடு எதற்கென்றால், ஏபிஎஸ் பெயின்டை எளிதில் ஏற்கும். பிபி எந்தப் பசையையும் எந்தப் பெயின்டையும் தன்மேல் எளிதில் ஒட்டவிடாத பிளாஸ்டிக். அதற்கென்று விற்கப்படும் பிளாஸ்டிக் ப்ரைமரை (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை) முதலில் அடிக்காமல் வேறு எதை அடித்தாலும் அது வீண்.

குரோம் கிரில் என்பதும் உள்ளே ஏபிஎஸ்தான். அதன்மேல் செம்பு, நிக்கல், கடைசியாக மிக மெல்லிய குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம் ஏற்றுகிறார்கள். குரோமியப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உப்புக்காற்றின் ஈரம் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள உலோகங்களை அரிக்கும்போதுதான் புள்ளியும் கொப்புளமும் வருகின்றன. கொப்புளம் கண்ட இடத்தில் குரோம் பிளாஸ்டிக்கை விட்டு ஏற்கெனவே பிரிந்துவிட்டது என்று பொருள். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டை அடித்தாலும் அது குரோமோடு சேர்ந்தே விழும். அமிலத்தில் ஊறவைத்துக் குரோமைக் கரைக்கும் முறை சில காணொளிகளில் காட்டப்படுகிறது. அதன் புகையும், மிஞ்சும் உலோகக் கழிவுநீரும் வீட்டில் கையாளக் கூடியவை அல்ல. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கழற்றுதல்

வண்டியிலேயே வைத்து மாஸ்கிங் டேப் ஒட்டி அடிக்கலாமே என்று தோன்றும். அடிக்கலாம், ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மேல் பெயின்ட் படியும், கிரில்லின் உள்விளிம்புகளில் படாது. கழற்றுவதே சரி. பானெட்டைத் திறந்தால் கிரில்லின் மேல்விளிம்பில் பிளாஸ்டிக் கிளிப்புகளும், சில வண்டிகளில் 10 எம்.எம். போல்ட்டுகளும் தெரியும். கிளிப்பின் நடு ஊசியைத் தட்டைத் திருப்புளியால் நெம்பி மேலே இழுத்த பிறகே முழுக் கிளிப்பையும் எடுக்க வேண்டும். கீழ்ப்பக்கத்தில் பம்பருக்குள் செருகிய நாக்குகள் இருக்கும். பழைய பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கும்போது சட்டென்று ஒடியும். அரை மணி நேரம் வெயில் பட்ட பிறகு கழற்றினால் சற்று வளைந்து கொடுக்கும். பல வண்டிகளில் பம்பரைத் தளர்த்தாமல் கிரில் வெளியே வராது. உங்கள் மாடல் எந்த வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது.

முன்னே செல்லும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் உள்ள புதிய கார்களில், அந்த ரேடார் நிறுவனச் சின்னத்துக்குப் பின்னாலோ கீழ்க் கிரில்லிலோ இருக்கும். அதை மூடியிருக்கும் பகுதிக்குப் பெயின்ட் அடிக்கவே கூடாது. சாதாரணச் சின்னத்தை எடுப்பதற்கு, முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, பின்னால் தூண்டில் நரம்பை நுழைத்து ரம்பம்போல் இழுத்தால் பசை அறுந்துவிடும்.

ஏபிஎஸ் நாக்கு ஒடிந்துவிட்டால் கலங்க வேண்டாம். ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கித் தடவினால், உடைந்த இடம் ஒரே பிளாஸ்டிக்காக இணைந்துவிடும். பிபிக்கு இந்த வித்தை பலிக்காது.

கழுவுதல், பிறகு தேய்த்தல்

இந்த வரிசை மாறவே கூடாது. டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அடிக்கும் பாலிஷ்களில் சிலிக்கான் இருக்கும். அது கிரில்லிலும் தெறித்திருக்கும். கழுவாமல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால், கீறல்களுக்குள் அந்தச் சிலிக்கானை நீங்களே அழுத்தி இறக்கியதாகிவிடும். பிறகு பெயின்ட் அடிக்கும்போது மீன்கண்போல் வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி நிற்கும். ஆகவே முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தேய்த்துக் கழுவி, உலர்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். தின்னரும் அசிட்டோனும் ஏபிஎஸ்ஸைக் கரைத்து வெடிப்பு உண்டாக்கும் என்பதால், அவற்றைத் துடைக்கப் பயன்படுத்தக் கூடாது. கழுவியது போதுமா என்பதைச் சுத்தமான தண்ணீரை ஊற்றி அறியலாம்: தண்ணீர் தாமரை இலைமேல் போல் உருண்டு திரண்டால் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது, ஒரே விரிப்பாகப் பரவி வழிந்தால் போதும்.

அடுத்து, குரோம் பிரிந்த இடங்களைக் கத்தி முனையால் மெல்லத் தூக்கி, வருகிற அளவுக்கு உரித்துவிடுங்கள். உரிந்த விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும், கையுறை அவசியம். பிறகு 320 எண் வாட்டர் பேப்பரால், தண்ணீர் தொட்டுத் தொட்டு, விளிம்பின் படி விரலுக்குத் தட்டுப்படாத வரை தேய்க்க வேண்டும். தண்ணீர் தொடுவது வேகத்துக்காக மட்டுமன்று. நிக்கலும் குரோமியமும் கலந்த தூள் காற்றில் பறந்து மூச்சுக்குள் போகாமல் தடுப்பதற்காகவும்தான். ஒட்டியிருக்கும் குரோமை முழுவதும் நீக்கத் தேவையில்லை; கண்ணாடிப் பளபளப்பு எங்கும் மிஞ்சாமல் மங்கலாகிவிட்டால் போதும். அதன்பின் 400, 600 எண் தாள்களால் முந்தைய கீறல்களைக் குறைத்து, மூலைமுடுக்குகளுக்குச் சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட் என்ற தேய்ப்பு நாரைப் பயன்படுத்துங்கள். குரோம் இல்லாத ஏபிஎஸ்ஸுக்கு நேரடியாக 400இல் தொடங்கலாம். சொரசொரப்பான பிபியை அதிகம் தேய்த்தால் நூல் நூலாகக் கிளம்பும். ஸ்காட்ச்பிரைட் ஒன்றே போதுமானது.

தேன்கூட்டு வலையுள்ள கிரில் என்றால் இந்த இடத்தில்தான் பொறுமை போகும். எனக்கும் போயிற்று. வேலையை இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

ப்ரைமர்

வேலை செய்யும் இடம் காற்றோட்டமாகவும், காற்று வீசாமலும் இருக்க வேண்டும். திறந்த ஷெட் பொருத்தமானது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகக்கவசத்தை அணியுங்கள். துணி முகக்கவசத்தால் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது பனிபோல் பூச்சின்மேல் படிந்து, கறுப்பு நிறம் வெளுத்துப்போகும். உச்சி வெயிலும் ஆகாது. பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து மணல்போல் ஆகிவிடும். முற்பகல் 9 மணிக்குமேல் நிழலில் அடிப்பதே எனக்குச் சரிப்பட்டது.

கிரில்லைக் கம்பியில் தொங்கவிட்டு, ஆல்கஹாலால் மறுபடி துடைத்து, கையால் தொடாமல் தொடங்குங்கள். குரோமும் வெற்றுப் பிளாஸ்டிக்கும் கலந்து தெரியும் கிரில்லுக்கு எபாக்சி ப்ரைமரையே நான் பரிந்துரைப்பேன். பிபிக்கு முன்னர் சொன்ன பிளாஸ்டிக் ப்ரைமர். ஸ்பிரே டப்பாவுக்குள் குண்டு உருளும் ஓசை கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, கையை நிறுத்தாமல் ஓட்டி, இரண்டு மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். காய்ந்ததும் 600 அல்லது 800 எண் தாளால் லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக் வெளியே தெரிந்துவிட்ட இடங்களில் மட்டும் மீண்டும் ப்ரைமர் தொட்டுவிடுங்கள்.

வண்ணம்

எஞ்சினுக்கு அருகில் இருப்பதால் வெப்பம் தாங்கும் பெயின்ட் வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். வாங்காதீர்கள். கிரில் ரேடியேட்டருக்கு முன்னால், வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கிறது. சைலன்சருக்கான அந்தப் பெயின்டுகளோ மிகுந்த சூட்டில் வெந்தால்தான் முழுமையாக இறுகும். கிரில்லில் அவை கடைசிவரை மென்மையாகவே நின்று கீறல் விழும். சாதாரண அக்ரிலிக் ஆட்டோ பெயின்ட் போதும். ப்ரைமர், வண்ணம், கிளியர் (வண்ணத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) மூன்றையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வாங்குங்கள். எனாமல் வகைப் பெயின்ட் மேல் லாக்கர் வகைப் பெயின்ட் போன்ற பொருந்தாத கூட்டு, அடிப்பூச்சைச் சுருக்கம் விழச் செய்யும். புதிதாகச் செய்பவர்களுக்கு அரைப்பளபளப்புக் கறுப்பே ஏற்றது. முழுப் பளபளப்பு ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுத்துவிடும்.

முன்முகத்தை முதலில் அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உள்விளிம்புகளை மேலிருந்தும் கீழிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் சாய்வாக அடித்துவிட்டு, முன்முகத்தைக் கடைசியில் அடியுங்கள். சாய்வாக அடிக்கும்போதே முகத்தில் பாதி பூச்சு ஏறியிருக்கும். முதல் பூச்சு அடித்தளம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று அல்லது நான்கு பூச்சுகள் தேவைப்படும். கட்டங்களின் கீழ்மூலைகளில்தான் பெயின்ட் சேர்ந்து வழியும். வழிந்தால் விரலால் தொடாமல் ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, 800 எண் தாளால் சமன்செய்து மீண்டும் அடியுங்கள்.

கிளியர் கோட் அடிப்பதானால், வண்ணம் என்ன பளபளப்போ அதே பளபளப்பில் வாங்க வேண்டும். மேட் (பளபளப்பில்லாத) கறுப்பின்மேல் பளபளப்புக் கிளியர் ஏறினால் மேட் என்பதே இருக்காது. ஹார்ட்னர் (இறுகச் செய்யும் பொருள்) கலந்த இருபகுதிக் கிளியரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருப்பதால், அதைப் பட்டறைக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். இவ்வளவும் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு, உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பூச்சு ஒன்றும் கிடைக்கிறது. குரோம் உறுதியாக இருக்கும் கிரில்லுக்கு அது நல்ல வழி. கொப்புளம் கண்ட கிரில்லில் மேடுபள்ளம் அப்படியே தெரியும்.

மீண்டும் பூட்டுதல்

அரை மணியில் தொட்டால் ஒட்டாது என்றாலும், 24 மணி நேரம் கழித்தே பூட்டுங்கள். அதற்கு முன் நாக்குகளைச் செருகினால் விரல் ரேகை பதியும். உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் புதியவற்றை முன்பே வாங்கிவையுங்கள். கீழ் நாக்குகளைப் பொருத்திய பின்னரே மேல் கிளிப்புகள். கடைசியில் சின்னத்தை இருபக்க ஒட்டு நாடாவால் ஒட்டலாம். முதல் வாரம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஒரு மாதம் வரை, சர்வீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியை விடும்போது அழுத்த நீரை முன்பக்கத்தில் நெருக்கமாகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.