வீட்டுக்குள் தொட்டி மாற்றும்போது இறாலையும் மீனையும் பழக்குவது எப்படி?

போன மே மாதம் ஹால் தொட்டியிலிருந்து 12 செர்ரி இறால்களை வலையில் அள்ளி, படுக்கையறைத் தொட்டியில் அப்படியே விட்டேன். பத்தடி தூரம்தானே என்று நினைத்தேன். சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கிக் கவரில் கொண்டுவரும்போது பார்த்துப் பார்த்துச் செய்வதில் பாதிகூடச் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலையில் 7 செத்துக் கிடந்தன. சிலவற்றுக்குத் தலைக்குப் பின்னால் வெள்ளை நூல் கட்டியதுபோல ஒரு வளையம். தண்ணீர் திடீரென்று மாறியதில் அவசரமாகச் சட்டை உரிக்கப் போய், பாதியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

அப்புறம்தான் டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவியை, எடுத்து அளந்தேன். ஹால் தொட்டியில் 640, படுக்கையறையில் 250. ஹால் தொட்டிக்கு இரண்டு வருடமாகப் போர் தண்ணீர். நம் வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்ப நிரப்ப உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். படுக்கையறைத் தொட்டி அதற்கு ஒரு மாதம் முன் மெட்ரோ குழாய்த் தண்ணீரில் போட்டது. ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டும் ஒரே தண்ணீர் இல்லை.

அதனால் முதல் வேலை, இரண்டு தொட்டியையும் அளப்பது. டிடிஎஸ் வித்தியாசம் 50-க்குள் இருந்தால் வெப்பநிலையைச் சமமாக்கினாலே போதும் என்பது என் அனுபவம். 100-ஐத் தாண்டினால் புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கும் சொட்டு முறைதான். புதுத் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் (கழிவிலிருந்து உருவாகும் விஷங்கள்) பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் மாற்றவே வேண்டாம், பொறுத்திருங்கள். ஏசி ஓடும் அறை என்றால், அதை அணைத்துச் சில மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். அன்றைக்குத் தீனி போடாதீர்கள். போய்ச் சேரும் தொட்டியில் விளக்கை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, பிடிப்பது. வலையால் துரத்தாமல், ஒரு கப்பை முன்னால் வைத்து வலையால் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். கோரிடோரஸ் மாதிரி முள் உள்ள மீன்கள் வலையில் சிக்கினால் பிரித்தெடுப்பது பெரிய பாடு. இறாலுக்குப் பழைய தொட்டித் தண்ணீர் கால் லிட்டர் போதும். மீனென்றால் ஒரு பக்கெட்டில் இரண்டு லிட்டராவது எடுத்து, மேலே மூடி வையுங்கள். கப்பியும் மோலியும் எகிறிக் குதித்துவிடும்.

இப்போது சொட்டு. புதுத் தொட்டிக்குக் கீழே டப்பாவை வைத்து, ஏர் டியூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை உறிஞ்சித் தண்ணீரை இறக்குங்கள். சின்ன வால்வு இருந்தால் நல்லது. இல்லையென்றால் டியூபிலேயே ஒரு முடிச்சு போட்டு, இறுக்கி இறுக்கி வேகத்தைக் குறையுங்கள். இறாலுக்கு நொடிக்கு 2 சொட்டு, மீனுக்கு அதைவிட வேகமாக விடலாம். ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி என்பதால், கால் லிட்டர் அரை லிட்டராக முக்கால் மணி நேரம் ஆகும். ஆனதும் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி சொட்ட விடுங்கள். 640-இல் ஆரம்பித்தால் முதல் சுற்றில் 445, அடுத்து சுமார் 350, மூன்றாவதில் 300. வித்தியாசம் 50-க்குள் வந்துவிட்டது, சரி, போதும்.

கடையிலிருந்து பல மணி நேரம் கட்டி வைத்த கவரில் வந்த மீனுக்கு இத்தனை நேரம் எடுக்காதீர்கள். மூடிய கவரில் கரியமில வாயு சேர்ந்து, தண்ணீரில் அமிலத்தன்மை கூடி, பிஎச் இறங்கியிருக்கும். அதுவரை அம்மோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். திறந்ததும் பிஎச் ஏறும், விஷமும் ஏறும். அந்தத் தண்ணீரில் மீனை வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. வீட்டுக்குள் மாற்றும்போது இந்தச் சிக்கல் இல்லை, நிதானமாகவே செய்யலாம்.

கடைசியாக, டப்பாவைப் புதுத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, இறாலையோ மீனையோ மட்டும் எடுத்துத் தொட்டிக்குள் விடுங்கள். பழைய தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டாம், வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். நத்தையையும் மாற்றினால், அதை நிமிர்த்தி வையுங்கள்.

விளக்கு மறுநாள் வரை வேண்டாம். இறால் பாசிமேல் நடந்து, முன்கைகளை மாற்றி மாற்றி வாய்க்குக் கொண்டுபோனால் நிம்மதி. நிற்காமல் தொட்டியைச் சுற்றி நீந்தினாலோ, பக்கவாட்டில் சாய்ந்தாலோ உடனே அம்மோனியாவைப் பாருங்கள். உப்பு மேலும் ஏறாமல் இருக்க, ஹால் தொட்டியில் இப்போதெல்லாம் ஆவியானதை ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்புகிறேன்.

ஆகஸ்டில் இன்னும் 10 இறால்களை இப்படித்தான் மாற்றினேன். ஒன்றும் சாகவில்லை. ஒரு வாரம் கழித்து பாசிமேல் கண்ணாடி மாதிரி ஒரு சட்டை கிடந்தது, மீசை முதல் வால் வரை கிழியாமல் முழுசாக. உங்கள் தொட்டியில் அப்படி ஒன்றைப் பார்த்தால் எடுத்துப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, இறால்களே தின்றுவிடும்.