வேலைக்கும் வயலுக்கும் நடுவில் மீடியா டிகிரி: எதில் சேரலாம்?

நீடாமங்கலம் பக்கம் ஒரு உள்ளூர் கேபிள் சேனலில் சாயங்காலச் செய்தி வாசிக்கிறேன். பி.காம். முடித்துப் பல வருடம் கழித்து, பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகு, தொலைதூரக் கல்வியில் இதழியல் எம்.ஏ. படித்தேன். அது ஊருக்குள் தெரிந்துபோனதில் இருந்து கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிகள், பகுதி நேர நிருபர்கள், யூடியூபில் சமையல் போடுகிற பெண்கள் என்று யாராவது வந்து கேட்பார்கள்: "அக்கா, எனக்கு முப்பத்தஞ்சு ஆச்சு. இனிமே மீடியா டிகிரி படிக்கலாமா? எந்தக் காலேஜ் நல்லது?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் யாரிடம் நீட்டப் போகிறீர்கள்?

அரசு வேலையிலோ கல்லூரியிலோ நீட்டுவதாக இருந்தால் பத்தாவது, பிளஸ் டூ, இளநிலை, முதுநிலை என்ற வரிசை உடையாமல் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் இளநிலை இல்லாமலே திறந்தவெளி முறையில் நேரடியாக எம்.ஏ. படிக்க முடிந்தது. அது செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பே தமிழக அரசின் தகவல், சுற்றுலாத் துறைதான் என்பது நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய விஷயம். அதே வருடம் தமிழக அரசும் அரசுப் பணிக்கு இந்த வரிசை வேண்டும் என்று ஆணை போட்டது. ஆகவே பத்தாவதோடு நின்றவர்கள் குறுக்கு வழி தேடாமல் முதலில் பிளஸ் டூவை முடித்துவிடுங்கள். தனித்தேர்வராக எழுதலாம். இல்லையென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம். கொஞ்சம் தாமதம் ஆகும், ஆனால் அப்புறம் யாரும் உங்கள் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

கல்லூரியில் பாடம் எடுக்க ஆசை என்றால் முதுநிலையோடு நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வும் எழுத வேண்டியிருக்கும். அதில் 'மாஸ் கம்யூனிகேஷன் அண்ட் ஜர்னலிசம்' என்று தனிப் பாடமே இருக்கிறது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதுகிறவருக்கு வயது உச்சவரம்பு கிடையாது, ஆராய்ச்சி உதவித்தொகைக்குத்தான் உண்டு. ஐம்பதிலும் எழுதலாம்.

தனியார் சேனல், பத்திரிகை என்றால் கதை வேறு. அங்கே சான்றிதழைவிட நீங்கள் செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி ஒருவர், "டிகிரி இருந்தா ரேட்டைக் கூட்டிக் கேக்கலாமாக்கா?" என்றார். முடியாது தம்பி, மாப்பிள்ளை வீட்டார் ஆல்பத்தைப் பார்ப்பார்களே தவிர டிகிரியைப் பார்க்க மாட்டார்கள் என்றேன். இவரைப் போன்றவர்களுக்கு மூன்று வருடப் படிப்பே தேவையில்லை. எழுத்து, சட்டம், ஒலிப்பதிவு என்று எதில் குறை இருக்கிறதோ அதை மட்டும் ஒரு வருட டிப்ளமாவில் கற்றுக்கொண்டால் போதும்.

ஏற்கெனவே ஏதாவது ஒரு டிகிரி கையில் இருக்கிறதா? வரலாறோ வணிகவியலோ வேதியியலோ, எதுவானாலும் பரவாயில்லை. இதழியல், தொடர்பியல் முதுநிலைப் படிப்புகள் பலவற்றுக்கு அது போதும். மறுபடி முதலில் இருந்து பி.எஸ்சி. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. இரண்டு வருடத்தில் முடிகிற காரியத்துக்கு மூன்று வருடம் கொடுத்துவிட்டு, கடைசியில் கையில் இரண்டு இளநிலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, இனி டெல்டாவில் இருந்துகொண்டு எங்கெல்லாம் சேரலாம் என்று பார்ப்போம்.

நேரில் போய்ப் படிக்க முடிந்தவர்களுக்குத் திருவாரூர் நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2009இல் வந்தது. ஊடகத் துறையும் உண்டு. முதுநிலைக்குத் தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போக வேண்டும். கொள்குறி வினாக்கள், தப்பான விடைக்கு மதிப்பெண் குறையும். வயது ஒரு தடையே இல்லை. திருச்சியில் தூய வளனார், பிஷப் ஹீபர் இரண்டு கல்லூரிகளிலும் விஸ்காம் துறை இருக்கிறது. ஆனால் நேரடிக் கல்லூரி என்றாலே பொதுவாக 75 சதவீத வருகைப்பதிவு உண்டு. மன்னார்குடியில் கடை வைத்திருப்பவர் தினமும் திருச்சிக்கு பஸ் ஏறி அதை எட்டுவது நடக்கிற காரியமில்லை. பிற்பகல் ஷிப்ட் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தாலும் திரும்பி வரும் கடைசி பஸ்ஸைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

தொலைதூரத்தில் எனக்குத் தெரிந்து நம் ஆட்களுக்குத் தோதானவை இரண்டு. ஒன்று இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். திருச்சியில் மண்டல மையம் வைத்திருக்கிறது, இதழியலில் எம்.ஏ.வும் முதுநிலை டிப்ளமாவும் உண்டு. இன்னொன்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002இல் தொடங்கியது, இதழியலுக்கென்று தனிப் பள்ளி வைத்திருக்கிறது. சேருவதற்கு முன் மொழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாடநூல் எந்த மொழியில், தேர்வு எந்த மொழியில் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இக்னோவின் எம்.ஏ. பாடநூல்களை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். எனக்கு முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்கே அகராதியும் கையுமாக ஒரு வாரம் போனது. அப்புறம் பழகிவிட்டது. பழகாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் தமிழில் எழுத விடுகிற இடத்தைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

படிப்பை நடுவில் விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். பாடம் கஷ்டம் என்று விட்டவர்கள் குறைவு. தேதி இடித்து விட்டவர்கள்தான் அதிகம். சேருவதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியையும் உங்கள் வீட்டு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இக்னோவில் பருவத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். மேட்டூரில் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. திறந்துவிட்டால் குறுவைக்காரர் வீட்டில் நாற்றங்கால், உழவு, ஆள் தேடல் என்று யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. டிசம்பரில் நடவு வேலை முடிந்து சம்பாப் பயிர் வயலில் நிற்கும், கையில் கொஞ்சம் நேரம் இருக்கும். ஆனால் அது மழை மாதம். வயலில் தண்ணீர் தேங்கினால் வடிகாலை வெட்டிவிட ஓட வேண்டும், புயல் வந்தால் பஸ்ஸே ஓடாது. கல்யாணத் தொழிலில் இருப்பவருக்குக் கணக்கு வேறு மாதிரி. வைகாசி, ஆனி முகூர்த்தம் ஜூன் தேர்வோடு நேராக மோதும். மார்கழியில் கல்யாணமே கிடையாது, டிசம்பர் தேர்வு அவருக்கென்றே வைத்தது போல இருக்கும். ஆடி மாதம் ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) எழுதித் தள்ளலாம்.

இன்னொரு வசதி, இரண்டு வருட எம்.ஏ.வை முடிக்க இக்னோ நான்கு வருடம் வரை விடும். எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. நான் ஜூனில் ஒன்றோ இரண்டோ தாள் மட்டும் எழுதிவிட்டுப் பெரும்பாலானவற்றை டிசம்பருக்கு வைத்துக்கொண்டேன். நேரடி வகுப்பில் இப்படி நகர்த்த முடியாது. சனி, ஞாயிறு தொடர்பு வகுப்பு உண்டா, வந்தே ஆக வேண்டுமா, செய்முறைத் தேர்வு எந்த ஊரில் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முதலில் ஒரு தனியார் கல்லூரிக்குத்தான் விசாரிக்கப் போனேன். சேர்க்கைப் பிரிவில் இருந்தவர், "பொண்ணுக்கா மேடம்? என்ன மார்க்?" என்றார். எனக்குத்தான் என்றதும் விளக்கக் கையேட்டை மூடி மேசைக்குள் வைத்துவிட்டார். அப்படிப்பட்ட இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது. பிறகு வேறொரு கல்லூரியில் மரியாதையாகவே ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டினார்கள். பச்சைத் திரை, மூன்று விளக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் கேமரா. பெட்டியின் பூட்டில் தூசி படிந்திருந்தது.

அதனால் கேமராவைக் காட்டச் சொல்லாதீர்கள், கேமராவை வெளியே கொடுக்கிற நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் உண்மையிலேயே எடுத்துப் போகிற துறையில் பேர், தேதி, பேட்டரி எத்தனை, மெமரி கார்டு திரும்பியதா, லென்ஸ் மூடி தொலைந்ததற்கு யார் பணம் கட்டினார் என்று கிறுக்கலாக ஒரு நோட்டு இருந்தே தீரும். நோட்டே இல்லை என்றால் கேமரா வெளியே போவதில்லை என்று அர்த்தம். அடுத்தது எடிட்டிங் கணினி. எத்தனை இருக்கிறது என்று கேட்டால் ஒரு பெரிய எண் சொல்வார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அறை திறந்திருக்குமா என்று கேளுங்கள், வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் கணக்கு. போன வருட மாணவர் எடுத்த ஒரு பத்து நிமிடப் படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படம் சுமாராக இருந்தால் பரவாயில்லை. ஒலி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். ஒலியில் அக்கறை காட்டுகிற துறையில் ஆசிரியர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார் என்று நம்பலாம்.

பாடத்திட்டத்தைப் படிக்கும்போது கடைசி இரண்டு பருவத்தில் இருந்து தொடங்குங்கள். முதல் பருவம் எங்கும் ஒரே மாதிரிதான்: தொடர்பியல் அறிமுகம், இதழியல் வரலாறு. கடைசியில் களப்பணி, ஆய்வேடு, பயிற்சி வேலை என்ன வருகிறது, பயிற்சியை நீங்கள் இப்போது பார்க்கிற வேலையிலேயே காட்டலாமா என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். சென்னையில் ஒரு மாதம் தங்கித்தான் பயிற்சி என்றால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று இப்போதே பேசிவிடுங்கள்.

வளர்ச்சித் தொடர்பியல் என்று ஒரு தாள் அநேகமாக இருக்கும். அந்தத் தாளை எடுக்கிற ஆசிரியரிடம் ரேடியோ நெல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1960களில் ஆடுதுறை 27 ரகம் தஞ்சை மாவட்டம் முழுக்கப் பரவியதில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்புக்குப் பெரிய பங்கு உண்டு, விவசாயிகள் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊடகத்தால் ஒரு வட்டாரமே விதையை மாற்றிக்கொண்ட இந்தக் கதையைச் சொல்ல ஆசிரியருக்குக் கண் மின்னினால் தைரியமாகச் சேருங்கள். வயதானவர்களுக்கு இங்கே ஒரு சாதகமும் இருக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் மூட்டை நிற்கும் என்பதும், அந்த வரம்பில் தளர்வு வந்த செய்தி எந்த வாட்ஸ்அப் குழுவில் முதலில் வரும் என்பதும் நமக்குத் தெரியும். ஆய்வேட்டுத் தலைப்பு வாசலிலேயே கிடக்கிறது.

பஸ் ஸ்டாண்டு சுவரில் "ஒரே சிட்டிங்கில் டிகிரி" என்று ஒட்டியிருப்பதை நம்பி யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். இளநிலை என்றால் பொதுவாக மூன்று வருடம். எந்தத் தொலைதூர, ஆன்லைன் படிப்பும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில், அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தப் படிப்பின் பேரோடு இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பேர் மட்டும் இருந்தால் போதாது. அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, அதனால் "கரஸ்ல படிச்சது" என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் கண்டுகொள்ள வேண்டாம்.

கடைசியாக, பேர். 2024இல் இருந்து தொலைதூரப் படிப்பில் சேர, மானியக் குழுவின் அந்தத் தொலைதூரக் கல்விப் பிரிவு தருகிற டெப் ஐடி என்று ஒன்று வாங்க வேண்டும், அதற்கு முன் ஏபிசி ஐடி (படிப்பின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கிற கணக்கு எண்) வேண்டும். பிளஸ் டூ சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப் பேர், ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் பேர் என்று நம் பெண்களுக்கு மூன்று விதமாக இருக்கும், ஐடி வாங்கும்போது அதுதான் இடிக்கும். சேர்க்கைக் கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால் இ-சேவை மையத்தில் போய் நின்றால் சர்வர் வேலை செய்யாது. சேரலாம் என்று மனசில் பட்டவுடனே, எந்தக் காலேஜ் என்று முடிவாகும் முன்பே, ஆதாரில் உள்ள பேரைப் பள்ளிச் சான்றிதழில் இருப்பது போல மாற்றக் கொடுத்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பழைய பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள், பள்ளி திறந்திருக்கிற நாளாகப் பார்த்து.