சைக்கிளுக்குச் சின்னப் பை வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புதிதாகச் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களோடு போகும்போது என் கண் முதலில் போவது அவர்களுடைய சீட்டுக்கு அடியில்தான். அங்கே தொங்கும் பையைப் பார்த்தாலே, வழியில் பஞ்சர் ஆனால் இவர் பாடு எப்படியிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆரம்பத்தில் எங்கள் கூட்டமே செய்த அதே தவறுகளைத்தான் இப்போது வருகிறவர்களும் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தையலைப் பாருங்கள், ஜிப்பை இழுத்துப் பாருங்கள் என்பதெல்லாம் எந்தப் பை வாங்கினாலும் பார்ப்பதுதான். அதை விட்டுவிடுகிறேன். கையில் எடுத்துப் பார்க்கும்போது தெரியாமல், பல வாரம் கழித்து நடுவழியில் உட்கார வைக்கிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

“எதற்கும் இருக்கட்டும்” என்று பெரிய பை

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இது.

சீட் பையில் போக வேண்டியவை எவை? ஒரு மாற்று டியூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், பல கருவிகள் ஒன்றாக மடங்கியிருக்கும் ஒரு சின்ன மல்டிடூல், பஞ்சர் ஒட்டும் பேட்ச், சங்கிலி அறுந்தால் கோர்க்க ஒரு குவிக் லிங்க். மெல்லிய டயர் போட்ட ரோடு பைக் என்றால் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் கொள்ளளவுள்ள பையில் இவ்வளவும் அடங்கிவிடும். 29 அங்குலச் சக்கரம் உள்ள மவுன்டன் பைக்கின் டியூப் பருமனானது, அதற்கு ஒரு லிட்டர் வரை போகலாம். ஆனால் வாங்குகிறவர்கள் ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் பையாகப் பார்த்து எடுக்கிறார்கள். விற்கிறவர்களும் “பெரிசாவே எடுத்துக்கோங்க, பின்னால உதவும்” என்கிறார்கள்.

பாதி காலியாக இருக்கும் பைக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாலையின் ஒவ்வொரு அதிர்வும் சீட்டின் கம்பி வழியாகப் பைக்குள் இறங்குகிறது. மல்டிடூல் கனமானது, அது அடியில் போய் உட்காரும். லீவரின் விளிம்பு டியூபின் மேல் படும். ஓட்டும் நேரம் முழுக்க இரண்டும் உரசிக்கொண்டே இருக்கும். உளி வைத்துத் தேய்ப்பது போலத்தான். டியூபின் ரப்பர் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் கிடையாது, எத்தனை நாள் தாங்கும்?

ஒரு முறை எங்களோடு வந்த தம்பிக்குப் பின் டயர் பஞ்சர். வேலை தெரிந்த பையன். பதறாமல் சக்கரத்தைக் கழற்றினார், டயரின் உட்புறம் விரலால் மெல்லத் தடவி, குத்தியிருந்த கண்ணாடிச் சில்லை எடுத்தார், மாற்று டியூபைப் போட்டார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். பம்ப் அடித்தால் டயர் ஏறவில்லை. மறுபடி அடித்தார், மறுபடி இறங்கியது.

“அண்ணா, இது புது டியூப் அண்ணா. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பையில் போட்டதுதான்.”

டியூபை வெளியே எடுத்துக் கொஞ்சம் காற்று ஏற்றி, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் காற்று சில்லென்று பட்டது. மடிப்பின் முனையில், ஒரு சின்ன நாணயம் அகலத்துக்கு ரப்பர் வழவழவென்று தேய்ந்து பளபளத்தது. அதன் நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை. டியூபின் மேல் இருக்கும் வெள்ளை மாவு அந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தது. லீவரின் நுனியை அங்கே வைத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது.

என்னுடைய டியூபைக் கொடுக்கலாம் என்றால், அதன் வால்வு 48 மி.மீ. நீளம். அவருடைய ரிம் 50 மி.மீ. ஆழம். வால்வு வெளியே தலைகாட்டவே இல்லை. அவரிடம் இருந்த பேட்ச் பசை, ஒரு முறை திறந்து மூடியது, உள்ளேயே காய்ந்து போயிருந்தது. கடைசியில் என்னிடம் இருந்த பசையை வைத்து அவருடைய பழைய டியூபை ஒட்டி மாட்டினோம். அதற்குள் மற்றவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எதுவும் எடுத்து வராதவர் மாட்டிக்கொண்டால் அது வேறு. இந்தத் தம்பி எல்லாம் எடுத்து வந்தவர். கையில் டியூப் இருக்கிறது என்ற தைரியத்தில் தூரமும் போயிருந்தார். அந்த டியூபைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டிய பையே அதைத் தின்றுவிட்டது.

நஷ்டம் டியூபோடு நிற்பதும் இல்லை. தளர்ந்த பெரிய பை ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமும் ஆடும். அதன் பட்டை, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டைத் தேய்க்கும். அலுமினிய போஸ்ட் என்றால் கீறலோடு போகும், கார்பன் போஸ்ட் என்றால் மேல்பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கும் இழை வரை போகலாம்.

அதனால் முதலில் பையைப் பார்க்காதீர்கள். கொண்டுபோக வேண்டியதையெல்லாம் மேசையில் எடுத்து வையுங்கள். டியூபின் காற்றை முழுக்கப் பிழிந்து எடுத்துவிட்டு, வால்வின் திருகை மூடி, அதன் மேல் பிளாஸ்டிக் மூடியையும் போட்டு இறுக்கிச் சுருட்டுங்கள். அந்த மூடி காற்றை நிறுத்த அல்ல, மெல்லிய வால்வின் கூர் முனை டியூபையே குத்தாமல் இருக்கத்தான். சுருட்டிய டியூபைப் பழைய காலுறைக்குள் நுழைத்துவிடுங்கள். கருவிகளை ஒரு துணியில் தனியாகச் சுற்றுங்கள். சங்கிலியைத் தொட்ட கையைத் துடைக்க அந்தத் துணி எப்படியும் தேவைப்படும். இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் என்ன அளவு வருகிறதோ அதுதான் உங்கள் பையின் அளவு. ஜிப்பை மூடும்போது விரலால் லேசாக அழுத்திவிட வேண்டும், அந்த அளவு இறுக்கம் இருக்கட்டும்.

மூடிய பையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் வந்தால் உள்ளே இடம் மிச்சம் இருக்கிறது. ஏற்கெனவே பெரிய பை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம், சத்தம் நிற்கும் வரை துணியை வைத்து அடைத்தால் போதும்.

இடத்தை அளக்காமல் வாங்குவது

சீட்டின் அடிக் கம்பிக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? சின்ன ஃப்ரேம் ஓட்டும் உயரம் குறைந்தவர்களுக்கு இது மிகவும் குறைவாக இருக்கும். பின்புறம் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளிலும், சீட் உயரத்தை ஓட்டும்போதே இறக்கும் டிராப்பர் போஸ்ட் உள்ள சைக்கிளிலும் நிறுத்தி வைத்து அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். சீட்டை முழுக்க இறக்கி, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று பாருங்கள். டயரில் உரசும் பை ஒரே இறக்கத்தில் அடி கிழிந்து, உள்ளிருப்பதைச் சாலையில் கொட்டிவிடும்.

அப்புறம், கிளிப்பில் மாட்டும் பையாக இருந்தால் சீட் கம்பியின் வடிவத்தையும் பாருங்கள். சாதாரணக் கம்பி 7 மி.மீ. உருண்டை. கார்பன் கம்பி பெரும்பாலும் நீள்வட்டம், 7-க்கு 9 மி.மீ. உருண்டைக்குச் செய்த கிளிப்பை அதில் திருகி இறுக்கக் கூடாது. பட்டை வைத்துக் கட்டும் பைக்கு இந்தத் தொல்லை இல்லை.

பின்விளக்கு

பை அதை மறைத்தால் அந்தப் பை வேண்டாம். பையின் விளக்கு மாட்டும் வளையத்தையும் நம்பாதீர்கள், பெரும்பாலும் விளக்கு தரையைப் பார்த்துத் தொங்கும்.

வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம்

வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் தொடையில் உரசி, ஓட்டும்போது போடும் ஷார்ட்ஸைப் பிய்த்துவிடும். பட்டையின் மீதியை வெட்டிவிடுங்கள்.

“வாட்டர்ப்ரூஃப்” என்ற சொல்லை அப்படியே நம்புவது

மழை மேலிருந்து வருகிறது என்று நினைத்துப் பை வாங்குகிறோம். சீட் பைக்குத் தண்ணீர் வருவது கீழிருந்து. மட்கார்டு இல்லாத பின்சக்கரம் சேற்றையும் மணலையும் நேராகப் பையின் அடியிலும் பின்னாலும்தான் வாரி இறைக்கும். துணி தண்ணீர் விடாத துணியாக இருக்கலாம். ஊசி போன ஓட்டைகளும் ஜிப்பும் விட்டுவிடும். தையலின் மேல் உட்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா, ஜிப்பை மறைக்க மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப் பல்லில் மணல் ஏறினால் தேவைப்படும் நேரத்தில் திறக்காது.

நிஜமாகவே தண்ணீர் புகாத பையிலும் ஒரு சங்கடம் உண்டு. ஈரத்தோடு மூடினால் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மல்டிடூலின் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிடும். நனைந்த நாளில் வீட்டுக்கு வந்ததும் திறந்து காய வையுங்கள்.

முழங்காலையும் கேபிளையும் மறந்துவிடுவது

சீட்டுக்கு அடியில் வேண்டாம் என்று ஃப்ரேமின் மேல் குழாயில் பை மாட்டுகிறவர்கள் அதன் அகலத்தைப் பார்ப்பதில்லை. உட்கார்ந்து மிதிக்கும்போது தெரியாது. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் இரண்டு முழங்காலும் உரசும். வாங்கும் முன் ஒரு அட்டைப் பெட்டியை அதே அகலத்தில் வெட்டிக் குழாயில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

ஹேண்டில்பார் பை என்றால் பிரேக் கேபிளும் கியர் கேபிளும் எப்படி வளைகின்றன என்று பார்க்க வேண்டும். பை அவற்றை அழுத்தி மடக்கினால் பிரேக் லீவர் கனமாகும், கியர் தாமதமாக விழும். பையை மாட்டி, பொருளை வைத்து, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

சாவி, பணம், போன்

சீட் பையில் வைக்காதீர்கள். உடம்போடு இருக்கட்டும்.

மாட்டிவிட்டு மறந்துபோவது

சீட் பை திறக்காமலே மாதக்கணக்கில் கிடக்கும். சங்கிலிக்கு எண்ணெய் போடும் நாளில் அதையும் ஒரு முறை திறந்து கொட்டுங்கள். டியூபில் கொஞ்சம் காற்று ஏற்றி, சற்று நேரம் விட்டு, இறங்குகிறதா என்று பாருங்கள். சுருட்டும்போது முன்பு மடித்த இடத்திலேயே மடிக்காதீர்கள், அங்கேதான் ரப்பர் வெடிக்கும். பசைக் குழாயை அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் புதிது வாங்குங்கள். டயரையோ ரிம்மையோ மாற்றியிருந்தால் டியூபின் அளவும் வால்வின் நீளமும் இன்னும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சங்கிலியை 11 கியரிலிருந்து 12 கியருக்கு மாற்றியிருந்தால் குவிக் லிங்க்கையும் மாற்ற வேண்டும், பழையது சேராது.